வம்சத்தில் சீனி வருத்தம்: அது விதியா, எங்கள் குற்றமா?

நலவாழ்வுப் பக்கம்



கிளினிக் நாளில் வாங்கில் காத்திருக்கும்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று, "எங்கட அம்மாவுக்கும் சீனி, அம்மம்மாவுக்கும் சீனி. எனக்கும் வரத்தானே போகுது. பிறகேன் சோத்தைக் குறைச்சு, வெயிலுக்குள்ள நடந்து கஷ்டப்படுவான்?" என்பது. மற்றது, கொஞ்சம் உடம்பு வைத்த பெண்ணைக் கண்டால் சொல்வது: "இருந்து சாப்பிட்டால் இப்பிடித்தான்." முதலாவது பேச்சு எல்லாப் பாரத்தையும் விதியின் தலையில் போடுகிறது. இரண்டாவது பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் தலையில் போடுகிறது.

உண்மை என்ன? உடற்பருமனும் நீரிழிவும் எவ்வளவு தூரம் பிறப்பிலே வருகின்றன, எவ்வளவு தூரம் எங்கள் கையில் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கே தமது ஆய்வு வாழ்க்கையைக் கொடுத்திருக்கிற ஒரு தமிழ் விஞ்ஞானியைப் பற்றி இந்த மாதம் பார்ப்போம். பேராசிரியர் விமலேஸ்வரன் சென்னையில் ஆய்வைத் தொடங்கி, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மூலக்கூற்று உயிரியலையும் உணவியலையும் சேர்த்துப் பார்ப்பது அவரது துறை. நாங்கள் உண்ணும் உணவும் எங்கள் மரபணுவும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கும் படிப்பு அது.

மரபணு என்றால் என்ன?

பாடசாலைப் புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள். எங்கள் உடம்பின் கலங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பை நடத்தும் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. எழுத்தில் ஒரு சிறு வேறுபாடு இருந்தால் ஒருவருக்குப் பசி கொஞ்சம் கூடலாம், இன்னொருவருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரலாம். இந்தச் சிறு வேறுபாடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றால் என்ன நடக்கிறது என்று கணக்கிடுவதே இந்த ஆய்வாளர்களின் வேலை.

சென்னையில் தொடங்கிய பயணம்

சென்னையில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001 இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. நகரத்தில் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். இந்த நிறுவனத்தில்தான் விமலேஸ்வரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார்.

அந்தக் குழுவிலிருந்து 2006 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எங்களுக்கு முக்கியமானது. மரபியல் விஞ்ஞானியான ராதா என்பவர் அதன் முதலாவது ஆசிரியர். விமலேஸ்வரனும் அதில் பங்கெடுத்தார். ஐரோப்பிய வம்சத்தவர்களிடம் ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் நீரிழிவு வராமல் ஓரளவு காவல் நிற்கிறது என்று முன்பே தெரிந்திருந்தது. அதே வடிவம் எம்மவர்களுக்கும் காவல் நிற்கிறதா என்று சென்னையில் வாழ்பவர்களிடமும், அமெரிக்காவின் டலஸ் நகரில் வாழும் தென்னாசியரிடமும் பார்த்தார்கள். நிற்கவில்லை என்பதே முடிவு.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. வேறு நாட்டு மக்களை அளந்து எடுத்த கணக்கை அப்படியே எங்கள் உடம்புக்குப் போட முடியாது. எங்கள் மக்களையும் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

பசியைக் கூட்டும் மரபணுவும் நடையும்

2007 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் உடற்பருமனோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்கு எஃப்.ரி.ஓ. என்று பெயர். இதில் எடையைக் கூட்டும் வடிவத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடியிருந்தார்கள்.

சகோதரிகளே, இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒருவர் கட்டுப்பாடு இல்லாதவர் என்பதால் மட்டும் பருத்துவிடுவதில்லை. பிறக்கும்போதே சிலருக்குப் பாரம் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்படுகிறது. ஆகவே மற்றவரைப் பார்த்து இளக்காரமாகப் பேச எங்களுக்கு உரிமை இல்லை. அதேவேளை அந்தப் பாரம் எவ்வளவு? 3 கிலோ. பரம்பரை, பரம்பரை என்று நாங்கள் பயந்துகொண்டிருந்ததில், மிகவும் பேசப்பட்ட மரபணு ஒன்றின் பங்கு அவ்வளவுதான். இதுபோல் சிறு சிறு பங்கு சேர்க்கும் மரபணுக்கள் இன்னும் பல உண்டு என்பதும் உண்மை.

சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற விமலேஸ்வரன், 2009 இல் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை தேடினார். இந்த மரபணு உள்ளவர் உடம்பை அசைத்து வேலை செய்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் 20,374 பேரின் விபரங்களை அவரும் கூட இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். உடல் உழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் எடை கூட்டும் வலு குறைந்திருந்தது. மரபணு மாறவில்லை, அதன் பிடி மட்டும் தளர்ந்திருந்தது.

அது வெள்ளைக்கார மக்களின் கணக்கு. எம்மவர்களிடம்? 2016 இல் சென்னைக் குழுவோடு சேர்ந்து 1,618 பேரிடம் அதையே பார்த்தார். உடல் உழைப்பு இல்லாதவர்களிடையே, எஃப்.ரி.ஓ. மரபணுவில் எடை கூட்டும் வடிவம் உள்ளவர்களுக்குப் பருமன் வரும் சாத்தியம் மற்றவர்களைவிட 1.89 மடங்காக இருந்தது. சாப்பாட்டிலிருந்து பெறும் சக்தியில் 71 வீதமளவு சோறு, மா, சீனி போன்ற மாப்பொருளிலிருந்தே வந்தவர்களிடம் அது 2.46 மடங்காக இருந்தது. ஒரே தடவை அளந்து பார்த்த ஆய்வு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுக்கக்கூடாது. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. பரம்பரை ஒரு பக்கம் தள்ளினால், எங்கள் கால்களும் எங்கள் சாப்பாட்டுக் கோப்பையும் மறுபக்கம் தள்ள முடியும்.

குளிசை விற்பவர்களுக்கு ஒரு பதில்

பருத்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி குறைவாக இருப்பதை மருத்துவர்கள் நீண்ட காலமாகக் கண்டு வந்தார்கள். விற்றமின் டி குறைவதால் உடம்பு பருக்கிறதா, உடம்பு பருப்பதால் விற்றமின் டி குறைகிறதா? எது முந்தியது என்று சொல்ல முடியாமல் இருந்தது.

விமலேஸ்வரன் முதலாவது ஆசிரியராக இருந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்து வைத்தது. 21 ஆய்வுகளிலிருந்து 42,024 பேர் வரையிலான விபரங்களைச் சேர்த்தார்கள். பிறக்கும்போது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல எங்களுக்கு மரபணுக்கள் வந்து சேர்கின்றன. எங்கள் பழக்கவழக்கமோ வருமானமோ அதை மாற்றுவதில்லை. ஆகவே எடையைக் கூட்டும் மரபணுக்களோடு பிறந்தவர்களிடம் விற்றமின் டி குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்திருந்தது. மறுபக்கமாக, விற்றமின் டியைக் குறைக்கும் மரபணுக்களோடு பிறந்தவர்கள் பருத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். அப்படித் தெளிவாகக் காணவில்லை. பருமன்தான் விற்றமின் டியைக் குறைக்கிறது என்பதே முடிவு.

"இந்தக் குளிசையைப் போட்டால் உடம்பு மெலியும்" என்று வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்களிடம் காசைக் கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் எலும்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ விற்றமின் தந்திருந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். மெலிவதற்காக வாங்கினால் காசுதான் மெலியும்.

கணக்கில் வராத எங்கள் கரை

ரெடிங் பல்கலைக்கழகத்திலிருந்து விமலேஸ்வரன் நடத்தும் கூட்டு முயற்சி இந்தியா, இலங்கை, கானா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி போன்ற நாடுகளின் மக்களிடம் இந்த ஆய்வுகளைச் செய்து வருகிறது. பணக்கார நாட்டு மக்களின் கணக்கை வைத்தே உலகம் முழுவதற்கும் மருந்தும் உணவு ஆலோசனையும் எழுதப்படுவதை மாற்ற வேண்டும் என்பது இதன் நோக்கம். இந்தோனேசியாவில் மினாங்கபாவ் இனத்துப் பெண்கள் 117 பேரிடமும், கொழும்பில் சிங்கள இனத்தவர் 109 பேரிடமும் ஆய்வுகள் நடந்தன. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இலங்கையில் ஒரு தொடக்கம்.

கிழக்குக் கரையில் இருக்கும் நாங்கள் இதில் எங்கே நிற்கிறோம்? 2005-2006 இல் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று அறிய ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அந்தக் கணக்கெடுப்பு 7 மாகாணங்களில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் யுத்தம் காரணமாக விடுபட்டன.

அந்த வருடங்களில் இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2006 இல் மூட்டை முடிச்சோடு வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனோம். 2007 இலிருந்து ஊர் திரும்பினோம். களப்பில் இறால் பிடித்து, சேனையில் குரக்கனும் மரவள்ளியும் போட்டு, தண்ணீருக்கு நடந்து போன உடம்புகள், முகாமில் வரிசையில் நின்று அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி வாங்கின. பசியை அடக்கத் தந்தது அதுதான், அதை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நடையும் போய், மீனும் கீரையும் போய், மாவும் சீனியும் மட்டும் நின்றபோது உடம்பு மாறியது. இது பெண்களின் சோம்பலால் வந்த மாற்றம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

அதன் பிறகு நாடு முழுவதும் பார்த்த கணக்கெடுப்பு ஒன்று 2018-2019 காலப்பகுதிக்கு உரியது. அதில் வயது வந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர். இது எங்கோ நகரத்துப் பணக்காரரின் நோய் என்று இனிமேல் நினைக்க முடியாது.

பசி விட்டுப் போகும் தடம்

யுத்த காலத்தில் பிள்ளை சுமந்த தாய்மாருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பயப்படுத்துவதற்காக அல்ல.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில், ஜேர்மன் படைகள் உணவு வருவதைத் தடுத்ததால் கொடிய பஞ்சம் உண்டானது. அந்த நேரம் தாயின் வயிற்றில் இருந்தவர்களை விஞ்ஞானிகள் பின்னாளில் தேடிப் பரிசோதித்தார்கள். 1998 இல் வெளிவந்த முடிவின்படி, சுமார் 50 வயதான அவர்களுக்குச் சீனிக் கரைசல் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் இரத்தச் சீனி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 2008 இல் இன்னொன்று தெரிய வந்தது. கருவான ஆரம்ப நாட்களில் பஞ்சத்தைக் கண்டவர்களின் மரபணுவை, அந்தப் பஞ்சத்தைக் காணாத அவர்களது சொந்தச் சகோதரர்களின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் இருக்கும் இரசாயன அடையாளங்கள் 60 வருடங்களின் பின்னும் குறைவாகவே இருந்தன. எழுத்து மாறவில்லை. எழுத்தின் மேல் போட்ட புள்ளிகள் மாறியிருந்தன.

ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பசியை விரும்பிக் கொடுப்பதில்லை. பங்கர் ஓரத்திலும் முகாம் கூடாரத்திலும் கிடைத்ததை மூத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த தாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது இளைஞர்கள். மெலிந்தவர்கள்தானே என்று விட்டுவிடாமல், அவர்களும் சீனியைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மகள் பிள்ளைத்தாச்சியானால், ஆரம்பத்திலேயே சீனி பார்க்கும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நாங்கள் செய்யக்கூடியவை

1. இடுப்பை அளவுங்கள். தைக்கும் நாடா ஒன்று போதும். சென்னையைச் சேர்ந்த உயிர் இரசாயனவியலாளர் ஸ்நேகலதா, மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2003 இல் எம்மவர்களுக்கென்று அளவுகளைக் கணித்தார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு, அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் கவனம் தேவை. எடை கூடாமல் மெலிந்து தெரிபவரும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு வைத்திருக்கலாம். ஆகவே கண்ணாடியை நம்பாமல் நாடாவை நம்புங்கள்.

2. நடவுங்கள். நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரிடம் இதே சென்னைக் குழு நடத்திய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. உணவைத் திருத்தி, நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம் நடந்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட நீரிழிவு வரும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு பலன்தான். பரம்பரையில் நோய் உள்ளவர்களிடமும் நடை வேலை செய்யும். தனியாக நடக்க ஊர்ப் பேச்சுக்குப் பயம், யானைக்குப் பயம் என்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து விடிந்த பிறகு நடவுங்கள். அதுவும் முடியாவிட்டால் வளவுக்குள் பத்து நிமிடமாக மூன்று தடவை நடவுங்கள். யுத்தத்தில் காலை இழந்த சகோதரிகள் இருந்தபடியே கைகளையும் தோள்களையும் அசைக்கும் பயிற்சிகளை வைத்தியசாலையில் இயன்மருத்துவரிடம் கேட்டுப் பழகலாம்.

3. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. கோப்பையில் சோற்றின் இடத்தைக் குறைத்து, முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி என்று கீரைக்கும் மரக்கறிக்கும் பாதி இடம் கொடுங்கள். கரையோரத்தில் இருக்கும் எங்களுக்குச் சிறு மீன் கிடைக்கிறது. அதைப் பொரிக்காமல் குழம்பாகவோ சொதியாகவோ வையுங்கள். இரவுக்குத் தினமும் கோதுமை மா ரொட்டி என்றால் கிழமையில் இரண்டு நாளாவது குரக்கனுக்கு மாற்றுங்கள்.

4. தேத்தண்ணியைக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு 5 கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி என்றால் 10 தேக்கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொல்லியிருக்கிறது. ஒரேயடியாக விட முடியாது. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

5. பரிசோதனைக்குப் போங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். திகதியை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேற்றின்போது சீனி இருந்தவர்களும், தாய் தகப்பனுக்குச் சீனி உள்ளவர்களும் வயதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

சகோதரிகளே, சென்னையிலும் கேம்பிரிட்ஜிலும் ரெடிங்கிலும் இவ்வளவு காலம் செய்த ஆய்வு எங்களுக்குச் சொல்லுவது இதுதான். வம்சம் தந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, யுத்தம் தந்ததற்கும் பொறுப்பில்லை. இவை இரண்டும் தந்த பிறகும் எங்கள் கையில் கொஞ்சம் மீதி இருக்கிறது. அந்தக் கொஞ்சம், நோய் வருவதைத் தள்ளிப் போடவும், வந்தாலும் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றவும் உதவும். வீட்டுக்கு உழைப்பவளும் சமைப்பவளும் பிள்ளையைப் பார்ப்பவளும் ஒருத்தியே என்ற நிலையில் உள்ள எங்களில் பலருக்கு, அந்த ஒருத்தி விழாமல் இருப்பது முழுக் குடும்பத்துக்கும் சோறு.

இந்த மாதம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நாடாவை எடுத்து உங்கள் இடுப்பையும் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பையும் அளந்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.